மருந்தடிக்கும் டேங்கை டிராக்டரில் இழுப்பது எப்படி? புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முதுகில் மாட்டும் ஸ்பிரேயரில் ஒரு நடைக்கு 16 லிட்டர். டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டேங்கில் 500, 600 லிட்டர். ஆள் கிடைக்காமல் தவிக்கும் கடலைக்காட்டுக்கும் மாந்தோப்புக்கும் இது பெரிய உதவி. வாடகைக்கு எடுத்தோ சொந்தமாக வாங்கியோ முதன்முதலாக இதை ஓட்டப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். டிராக்டர் ஓட்டத் தெரியும், மருந்தடிக்கவும் தெரியும், ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்ததில்லை என்பவர்கள்தான் இதில் அதிகம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி சால் பிடித்து ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிதாக யாரையும் தொந்தரவு செய்வதில்லை. மாட்டும்போது, நிரப்பும்போது, அடைப்பு எடுக்கும்போது, கழுவும்போதுதான் கை சிக்குகிறது, மருந்து மேலே கொட்டுகிறது. அதனால் ஓட்டுவதைப் பற்றி இங்கே கொஞ்சமாகவும் நிறுத்துவதைப் பற்றி நிறையவும் இருக்கும். சீட்டை விட்டு இறங்குகிறீர்கள் என்றால் பி.டி.ஓ.வைத் துண்டித்து, எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி ஆபத்து கழிந்தது.

1. முதலில் வண்டியைச் சுற்றிப் பாருங்கள்

இரண்டு சக்கரச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் டேங்க். அதற்கு முன்னால் எச்.டி.பி. எனப்படும் உயரழுத்த பம்ப். பம்பைச் சுற்றுவது டிராக்டரின் பி.டி.ஓ.விலிருந்து வரும் ஷாஃப்ட். டேங்கில் இருக்கும் கரைசல் ஃபில்டர் வழியாகப் பம்புக்குப் போய், அங்கிருந்து ரெகுலேட்டருக்கு வரும். வேண்டியது வெளியே போகும், மிச்சம் பைபாஸ் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பும். அப்படித் திரும்பி விழும் வேகம்தான் உள்ளே மருந்தைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது.

வெளியே போகும் வழி இரண்டு. கடலை, உளுந்து, பருத்தி போன்றவற்றுக்குப் பின்னால் இறக்கை மாதிரி விரியும் பூம். மா போன்ற மரங்களுக்கு நீள ஹோஸும் கன்னும். பூமுக்கு 2 முதல் 4 கிலோ பிரஷர் போதும். கன்னுக்கு 20 கிலோவுக்கு மேலும் வைப்பார்கள். பம்ப் என்னவோ ஒன்றுதான். தோப்பில் வேலை முடித்துவிட்டு ரெகுலேட்டரைக் குறைக்காமல் அப்படியே பூமைத் திறந்தால் கிளாம்ப் கழன்று மருந்து முகத்தில் அடிக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் முதலில் ரெகுலேட்டரை முழுக்கத் தளர்த்துங்கள்.

திராட்சை, மாதுளைத் தோட்டங்களில் விசிறி வைத்த வகையும் ஓடுகிறது. அதற்கும் இங்கே சொல்லும் முறைகள் பெரும்பாலும் பொருந்தும்.

2. மாட்டுதல்

சமதரையில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத்தான் டேங்க் நிற்க வேண்டும். டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது, "இன்னும் கொஞ்சம் வாங்கண்ணே" என்று இரண்டுக்கும் நடுவில் நின்று ஒருவர் கையாட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. கிளட்சிலிருந்து கால் ஒருமுறை வழுக்கினால் அவர் தப்புவதற்கு இடமே இல்லை. கை காட்டுபவர் ஓட்டுநரின் கண்ணில் படும்படி பக்கவாட்டில் நிற்கட்டும். டிராக்டர் நின்று, எஞ்சின் அணைந்து, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகுதான் அவர் உள்ளே வந்து பின்னைப் போட வேண்டும்.

பின்னுக்கு அதன் கிளிப்பையே போடுங்கள். கட்டுக்கம்பியோ வளைத்த ஆணியோ வேண்டாம், மேடுபள்ளத்தில் குதித்துக் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலி இருந்தால் அதையும் மாட்டுங்கள். இழுவை எப்போதும் டிராபாரில்தான். டாப் லிங்க் போன்ற உயரமான இடத்தில் கட்டி இழுத்தால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

அடுத்தது பி.டி.ஓ. ஷாஃப்ட். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று. ஷாஃப்டின் சுற்றளவு 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொண்டால், ஒரு நொடியில் அது இரண்டு மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். ஒரு லுங்கியின் நீளமே அவ்வளவுதான். "பிடித்து இழுத்துக்கொள்ளலாம்" என்று நினைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே லுங்கி, வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் முண்டாசு, கயிறு கட்டிய அரைக்கால்சட்டை எதுவும் ஆகாது. பெண்கள் சேலை, தாவணியோடு ஷாஃப்ட் பக்கமே வரக்கூடாது. ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கிறதா, அது சுற்றாமலிருக்கும் சங்கிலி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உறை உடைந்த ஷாஃப்டோடு வாடகை வண்டி வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஷாஃப்டைத் தாண்டிப் போவதும், அதன் மேலாகக் கை நீட்டி ரெகுலேட்டரைத் திருப்புவதும் கூடவே கூடாது. பத்தடி சுற்றிப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஷாஃப்டின் உள்குழாய் வெளிக்குழாய்க்குள் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது நுழைந்திருக்க வேண்டும். இரண்டு முனையிலும் பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

3. வெறும் தண்ணீரில் ஒரு வெள்ளோட்டம்

மருந்தில்லாமல் நூறு லிட்டர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். பம்பின் ஆயில் அளவு, பெல்ட் இருந்தால் அதன் இறுக்கம், டயர் காற்று, ஃபில்டர் வலை எல்லாம் பார்த்தாயிற்றா? பைபாஸை முழுக்கத் திறந்துவைத்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பி.டி.ஓ.வைப் போடுங்கள். பிறகு 540 சுற்று என்று மீட்டரில் குறித்திருக்கும் இடத்துக்கு வேகத்தைக் கூட்டி, அதன் பின்னால்தான் பிரஷரை ஏற்ற வேண்டும். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டாதீர்கள்.

ஹோஸில் எங்காவது புகைபோல நீர் பீறினால் விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும். தடவாதீர்கள். அந்தப் பிரஷரில் ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து வரும் நீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டுக்கொண்டிருக்கும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவு எங்கே என்று பார்க்க அட்டைத்துண்டை நீட்டினால் போதும்.

4. ஏக்கருக்கு எத்தனை லிட்டர்?

பெரும்பாலானவர்கள் தாண்டிப்போகும் படி இது. "டேங்குக்கு இரண்டு பாட்டில்" என்ற கணக்கில் பயிரும் கருகும், மனிதனும் தேவையில்லாத விஷத்தைக் கையாள வேண்டியிருக்கும். ஒரு வாளி, அளவுக் குவளை, கைப்பேசியில் கடிகாரம். வேறொன்றும் தேவையில்லை.

பூமில் ஒரு நாசிலின் கீழ் குவளையைப் பிடித்து ஒரு நிமிடம் அளந்துகொள்ளுங்கள். எல்லா நாசிலையும் இப்படியே அளக்க வேண்டும். புதிய நாசில் தருவதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாகத் தருவது தேய்ந்துபோன நாசில், மாற்றிவிடுங்கள். பிறகு வயலிலேயே 100 மீட்டர் அளந்து குச்சி நட்டு, மருந்தடிக்கப்போகும் அதே கியரில், அதே வேகத்தில் ஓட்டி நேரம் பாருங்கள். 90 நொடி ஆனால் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம்.

ஓர் உதாரணம். பூமின் அகலம் 12 மீட்டர், அரை மீட்டருக்கு ஒன்றாக 24 நாசில். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 0.8 லிட்டர் என்றால் மொத்தம் 19.2 லிட்டர். 100 மீட்டரைக் கடக்கும் ஒன்றரை நிமிடத்தில் 28.8 லிட்டர் வெளியே வரும். அதில் நனைந்த நிலம் 1,200 சதுர மீட்டர். ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு ஏறத்தாழ 97 லிட்டர். 500 லிட்டர் டேங்க் ஐந்து ஏக்கருக்குச் சரியாக வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மருந்து லேபிளில் அளவு பெரும்பாலும் ஹெக்டேருக்குத்தான் போட்டிருக்கும். ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். ஹெக்டேருக்கு 1 லிட்டர் என்பதை ஏக்கருக்கு என்று படித்துவிட்டால் இரண்டரை மடங்கு போய்விடும். மேலே சொன்ன ஐந்து ஏக்கர் டேங்குக்கு 2 லிட்டர்தான் ஊற்ற வேண்டும். கடைக்காரர் வாய்க்கணக்காகச் சொல்வதை லேபிளோடு ஒத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

5. உடை

முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, கம்பூட்ஸ், நைட்ரைல் கையுறை, கண்ணாடி, கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி. கால்சட்டையின் நுனி பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் தேங்கும். துணிக் கையுறையும், மூக்கில் கட்டிய ஈரத்துண்டும் இல்லாததைவிட மோசம். அவை மருந்தை உறிஞ்சிவைத்துத் தோலோடும் மூச்சோடும் ஒட்டவைக்கின்றன. நம் வெயிலில் இதையெல்லாம் போட்டுக்கொண்டு நிற்பது கஷ்டம்தான். அதற்கு வழி உடையைக் கழற்றுவதல்ல, விடிந்ததும் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது.

6. கலக்குதல்

மருந்து அதன் முழு வீரியத்தோடு உங்கள் கையில் இருக்கும் நேரம் இது ஒன்றுதான். வயலில் உங்கள் மேல் தெறிப்பது நீர்த்த கரைசல். இங்கே தெறிப்பது பாட்டிலில் இருப்பது அப்படியே. முகமூடியையும் கையுறையையும் ஓட்டும்போது போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காமல் கலக்கும்போதே போடுங்கள்.

பாட்டிலில் சாய்சதுரத்துக்குள் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி சிவப்பு மிகக் கடுமையான விஷம், அதில் மண்டையோடும் இருக்கும். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமல்ல.

டேங்கில் பாதி தண்ணீர் நிரம்பியதும், ஒருவர் சீட்டில் இருக்க, பம்ப் ஓடி பைபாஸ் கலக்கட்டும். தூளாகவோ குருணையாகவோ இருப்பதைத் தனி வாளியில் கரைத்து முதலில் ஊற்றுங்கள். அடுத்துக் குழம்புபோல இருப்பது, அதற்கடுத்து எண்ணெய் வகை, பிறகு தண்ணீரில் கரையும் திரவம், கடைசியில் ஒட்டும் திரவம். இரண்டு மருந்து சேருமா என்ற சந்தேகம் இருந்தால் கண்ணாடிக் குடுவையில் அதே விகிதத்தில் கொஞ்சம் கலந்து அரைமணி வையுங்கள். திரிந்தால், கட்டி தட்டினால், சூடேறினால் டேங்கில் ஊற்றக்கூடாது.

தண்ணீர் விடும் குழாயின் நுனி டேங்கின் நீரைத் தொடாமல் ஒரு சாண் மேலே இருக்க வேண்டும். மூழ்கியிருக்கும் நேரத்தில் மின்சாரம் போய் மோட்டார் நின்றால், டேங்கில் இருக்கும் மருந்து குழாய் வழியே கிணற்றுக்குத் திரும்பிவிடும். அது ஊர் குடிக்கும் கிணறாக இருக்கலாம். கிணற்றடியிலோ வாய்க்கால் ஓரத்திலோ நின்று கலக்குவதும் வேண்டாம்.

காலியான பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய நீரை டேங்கிலேயே ஊற்றி, பாட்டிலை ஓட்டையிட்டுத் தனியே வையுங்கள். எண்ணெய் வாங்கவும் விதை போட்டுவைக்கவும் அந்தப் பாட்டில் வீட்டுக்குள் போகக்கூடாது.

7. காற்று

இலை லேசாக அசைய வேண்டும். சின்னக் கிளை ஆடினால் நிறுத்திவிடுங்கள். காற்றே இல்லாத அதிகாலைதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், அது முழுக்கச் சரியல்ல. மா பூக்கும் தை, மாசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் பனி மூடிய காலை வேளையைக் கவனித்தால் தெரியும். அடுப்புப் புகை மேலே போகாமல் தரையோடு பாய் விரித்தாற்போல் கிடக்கும். மருந்தின் நுண்துளியும் அப்படியே மிதந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் வீட்டு வாசலுக்கும் போகும். புகை மேலெழும்பத் தொடங்கியதும் ஆரம்பியுங்கள்.

காற்று மேற்கிலிருந்து வந்தால் கிழக்கு ஓரத்தில் தொடங்கி, வடக்கும் தெற்குமாக ஓட்டி, மேற்கு நோக்கி நகருங்கள். அடித்த இடத்துக்குள் நீங்கள் நுழையவே வேண்டியிருக்காது. பூமைப் பயிருக்கு அரை மீட்டர் மேலே வைத்தால் சரியாக இருக்கும், உயர்த்த உயர்த்தத் துளி பறக்கும். பூ முழுக்க விரிந்து தேனீ மொய்க்கும் நேரத்தில் அடிக்காதீர்கள். தேனீ போனால் காயும் குறையும்.

8. ஓட்டம்

600 லிட்டர் தண்ணீர் என்றால் 600 கிலோ. வண்டியின் எடை தனி. ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் மிதியையும் இணைக்கும் கொக்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருபக்கம் மட்டும் பிடித்தால் பின்னால் இருக்கும் பாரம் டிராக்டரையே திருப்பிவிடும். நிறைந்த டேங்கைவிடப் பாதி டேங்க் மோசம். உள்ளே தண்ணீர் அலைந்து, வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும். வரப்பு ஏறும்போதும் வாய்க்கால் தாண்டும்போதும் நேராக, மெதுவாக. டிராபாரிலோ டேங்க் மேலோ யாரும் உட்கார்ந்து வரக்கூடாது.

பூமை விரிக்குமுன் தலைக்குமேல் பாருங்கள். காட்டுக்குள் தாழ்ந்து தொங்கும் மின்கம்பி நமக்குப் பழகிப்போய்க் கண்ணிலேயே படுவதில்லை. ஓரத்தில் திரும்பும்போது தெளிப்பை மூடிவிட்டுத் திரும்புங்கள். ஷாஃப்டில் டக்டக் என்று சத்தம் வந்தால் வளைவு அளவு மீறுகிறது, பி.டி.ஓ.வை நிறுத்தித் திருப்புங்கள்.

9. அடைப்பு வந்தால்

வரும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் அடிக்கடி வரும். பி.டி.ஓ. நிறுத்தம், எஞ்சின் நிறுத்தம், சாவி பையில், பிறகு வால்வைத் திறந்து பிரஷர் கேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை பொறுங்கள். அதற்குப் பின்தான் நாசிலில் கை. வாயில் வைத்து ஊதுவது இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. அது நேராக விஷத்தைச் சுவைப்பது. கம்பியால் குத்துவதும் வேண்டாம், துளை பெரிதாகி நீங்கள் அளந்த கணக்கெல்லாம் வீணாகும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒரு வாளி நல்ல தண்ணீரும் போதும். அதைவிட நல்லது, நான்கைந்து மாற்று நாசிலை வண்டியிலேயே வைத்துக்கொள்வது. அடைத்ததைக் கழற்றிப் போட்டு, வீட்டில் கழுவிக்கொள்ளலாம்.

10. கன் பிடிப்பவர்

தோப்பில் வேலை செய்யும்போது ஓட்டுநர் டிராக்டர் சீட்டில் இருக்கிறார். நனைகிறவர் ஹோஸின் மறுமுனையில் இருப்பவர். பெரும்பாலும் கூலிக்கு வந்தவர், முகமூடியும் பெரும்பாலும் அவருக்குக் கிடைக்காது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கும் மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த ஆண்டு செடி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது, தெளித்தது முகத்துக்கே திரும்பியது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மாமரத்தில் எப்போதுமே அதற்கும் மேலான உயரம்தான். இருப்பது ஒரே நல்ல முகமூடி என்றால் அது கன் பிடிப்பவருக்கே.

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மரத்தின் அடியில் போகாமல் வெளியிலிருந்தே அடிக்க வேண்டும். கை மேலே தூக்கியிருப்பதால் கையுறையின் விளிம்பு சட்டைக்கைக்கு வெளியே இருந்து, மடித்துவிடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கன்னில் வழிவது நேராக அக்குளுக்குப் போகும். எஞ்சின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. இரண்டு கையையும் தலைக்குமேல் குறுக்கே வைத்தால் "நிறுத்து" என்று தொடங்குமுன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது நல்லது. ஹோஸ் சுருட்டச் சிறுபிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். பீடி, வெற்றிலை, சாப்பாடு எல்லாம் கைகால் கழுவிய பிறகு.

11. கழுவுதல்

மிஞ்சிய கரைசலை வாய்க்காலில் திறந்துவிடக் கூடாது. பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றி, அதே வயலில் விட்டுப்போன ஓரங்களில் அடித்து முடியுங்கள். பிறகு மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டு, பம்ப், ஹோஸ், நாசில் வழியாக ஓடவிட்டு அதையும் அங்கேயே அடியுங்கள். களைக்கொல்லி அடித்த டேங்கை அரைகுறையாகக் கழுவிவிட்டு அடுத்த வாரம் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தால் இலை சுருங்கி நிற்கும். டேங்க் பெரிதென்று உள்ளே இறங்கியோ தலையை நீட்டியோ தேய்க்காதீர்கள்.

கையுறையைக் கழற்றுமுன் கையுறையோடேயே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடுத்தியதைத் தனியாகத் துவைக்க வேண்டும், குழந்தைகள் துணியோடு ஊறவைக்கக் கூடாது. வயலின் நான்கு மூலையிலும் சிவப்புத் துணி கட்டி, ஆடு மாடு மேய்ப்பவர்களிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். திரும்ப நுழையவும் அறுவடை செய்யவும் எத்தனை நாள் என்பது லேபிளில் இருக்கும்.

12. ஏதாவது ஆகிவிட்டால்

யாராவது ஷாஃப்டில் சிக்கினால் ஆளைப் பிடித்து இழுக்காமல் முதலில் எஞ்சினை அணையுங்கள். சுற்றி நிற்கும் எல்லோருக்கும் அந்த டிராக்டரை அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும், காலையிலேயே காட்டிவிடுங்கள்.

தலைவலி, வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுவது, கண் மங்குவது, தசை துடிப்பது. இதில் ஒன்று வந்தாலும் "வெயில்தான் காரணம்" என்று மோர் கொடுத்து உட்காரவைக்காதீர்கள். அடித்த இடத்தைவிட்டு வெளியே கொண்டுவந்து, நனைந்த உடையைக் களைந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். உதவுகிறவரும் கையுறை போட்டிருக்கட்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

108-ஐ அழையுங்கள். மருந்துப் பாட்டிலையோ லேபிளையோ கையோடு எடுத்துப் போங்கள். சில வகைப் பூச்சிமருந்துக்கு அட்ரோபின் ஊசி உயிர் காக்கும், பாராகுவாட் களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. எது உடம்புக்குள் போனது என்று தெரிந்தால்தான் மருத்துவர் அதற்கேற்ற சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க முடியும்.